போதிகையின் அலையும் அயோனியச் சுருளும்: நீலசந்திராவைச் சுற்றிச் சில குறிப்புகள்

பெங்களூரின் நீலசந்திராவைத் தமிழர் உச்சரிக்கும்போது அப்பெயரில் ஒரு நிலவு எழுந்துவிடுகிறது. கன்னட வழக்கில் அவ்வூர் 'நீலசந்த்ர'. பொம்மசந்த்ர, சிங்கசந்த்ர முதலிய ஊர்ப்பெயர்களிலும் காணப்படும் அந்த 'சந்த்ர' என்னும் ஈறு 'சமுத்திரம்' என்ற சொல்லின் தேய்வு என்பது ஊர்ப்பெயராய்வாளர் பொதுவாக ஏற்கும் கருத்து. பெரிய ஏரியைச் சமுத்திரம் என்று அழைப்பது தென்னிந்தியா முழுதும் உள்ள வழக்கம். தமிழகத்தின் அம்பாசமுத்திரம், ரங்கசமுத்திரம் போன்ற பெயர்களும் இவ்வகையின. ஆக, நீலசந்திரா நீரின் பெயர். நிலவின் பெயராக அது மாறியது தமிழ் நாவில். பொருள் மறைந்த ஈற்றுக்குப் பழகிய பொருளொன்றைக் கேட்போர் ஏற்றிக்கொள்ளும் இந்நிகழ்வை மொழியியலில் மக்கட் சொற்பிறப்பு என்பர்.

சொல்லுக்கு நேர்வது வடிவத்துக்கும் நேரும். நீலசந்திராவிலும் அதனை அடுத்த ஆஸ்டின் டவுன், விவேக்நகர் பகுதிகளிலும் உள்ள பழைய வீடுகளின் சன்னல் கம்பிகளை நோக்கினால், இரும்புப் பட்டை இரு முனைகளிலும் சுருண்டு நிற்கும் ஓர் உருவம் திரும்பத் திரும்ப வரும். வாசற்படியில் இடப்படும் கோலத்தில் கோடு புள்ளியைச் சுற்றி வளைந்து மீளும். கடைக் கணக்கேட்டின் தலைப்பில் பிள்ளையார் சுழி தொடங்கும். ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவுக்குள் இரு வேறு மரபுகளின் கட்டடச் சுருள்களும் உள்ளன: கப்பன் பூங்காவின் ஓரத்திலுள்ள அட்டாரா கச்சேரியின் அயோனியத் தூண்தலைகள் ஒருபுறம், தமிழ்க் கல்வெட்டுகளையுடைய தோமலூர்ச் சொக்கப்பெருமாள் கோயிலும் அல்சூர்ச் சோமேசுவரர் கோயிலும் சார்ந்த தென்னகக் கோயிற்கட்டட மரபு மறுபுறம்.

சுருள் வடிவத்தைக் கண்டவுடன் 'கிரேக்கத்திலிருந்து வந்தது' என்று சொல்லும் பழக்கம் காலனியக் காலத்தில் வலுப்பெற்றது. அதற்கு மறுமொழியாக 'எல்லாம் இங்கிருந்தே சென்றது' என்று சொல்லும் பழக்கம் பின்னர் வலுப்பெற்றது. இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள். ஒப்புமை கண்ட இடத்திலெல்லாம் உறவு கற்பிப்பதே அப்பிழை. ஒலியொப்புமை மட்டும் கொண்டு இரு மொழிகளை உறவு மொழிகள் எனக் கூறுவதை எந்த மொழியியல் மாணவரும் ஏற்கமாட்டார். வடிவ வரலாற்றிலும் அதே கண்டிப்பு வேண்டும்.

1914ஆம் ஆண்டின் மூன்று நூல்கள்

சுருள் வடிவத்தின் ஆய்வு வரலாற்றில் 1914ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் மூன்று வெவ்வேறு ஊர்களில், ஒன்றையொன்று சாராத மூன்று நூல்கள் வெளிவந்தன. லண்டனில் தியோடர் ஆண்ட்ரியா குக் 'வாழ்வின் வளைகோடுகள்' என்ற நூலை வெளியிட்டார். கிளிஞ்சல், கொடி, கொம்பு, சுழற்படிக்கட்டு ஆகியவற்றிலுள்ள சுருள்களை ஒருங்கே வைத்து நோக்கிய நூல் அது. சென்னை மாகாண மீன்வளத் துறையைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியாவின் புனிதச் சங்கு பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். பாரிசில் ஜி. ழுவோ துப்ருய் தென்னிந்தியத் தொல்லியல் குறித்துப் பிரெஞ்சு மொழியில் எழுதிய நூல் இரு தொகுதிகளாக வெளிவந்தது.

குக் பல நாட்டுச் சுருள்களையும் ஒரே கணக்கின் கீழ்க் கொண்டுவர முயன்றவர். ஹார்னெல் ஒரே ஓர் உயிரின் ஓட்டை, அதன் கடல், அதன் வணிகம், அதன் வழிபாடு ஆகியவற்றோடு சேர்த்து எழுதியவர். ழுவோ துப்ருய் புதுச்சேரியில் ஆசிரியராக இருந்துகொண்டு, கோயில் தூணின் ஓர் உறுப்பு நூற்றாண்டுதோறும் எவ்வாறு மாறியது என்பதைப் பின்தொடர்ந்தவர். இம்மூன்று அணுகுமுறைகளும் இன்றும் தேவையானவை. ஆயின் எந்தக் கேள்விக்கு எது பொருந்தும் என்பதில் தெளிவு வேண்டும்.

இயற்கையின் சுருள்

சுருள்களுள் இரண்டை முதலில் பிரித்தறிய வேண்டும். சுருட்டிய பாயிலும் கொசுவர்த்தியிலும் ஒவ்வொரு சுற்றுக்கும் இடையேயுள்ள இடைவெளி ஏறத்தாழ ஒரே அளவினது. இதனை ஆர்க்கிமிடீசின் சுருள் என்பர். சங்கு, நத்தை, ஆட்டுக்கடாவின் கொம்பு ஆகியவற்றில் இடைவெளி சுற்றுக்குச் சுற்று ஒரே விகிதத்தில் பெருகும். அது மடக்கைச் சுருள். இதன் சிறப்பு, எவ்வளவு வளர்ந்தாலும் உருவம் மாறாதிருத்தல். ஓட்டின் விளிம்பில் மட்டுமே புதுப்பொருள் சேரும் உயிருக்கு, உடல் பெருத்தாலும் வீட்டின் வடிவம் மாறாமலிருக்க இதுவே எளிய வழி. டார்சி தாம்சன் 1917இல் வெளியிட்ட 'வளர்ச்சியும் வடிவமும்' என்ற நூல் இதனை விரிவாக விளக்கியது.

மடக்கைச் சுருளின்மீது பெருங்காதல் கொண்ட கணிதவியலாளர் யாக்கோபு பெர்னூலி அதனைத் தம் கல்லறையில் பொறிக்க விரும்பினார். 1705இல் அவர் இறந்தபின் பாசல் நகரில் கல்லில் செதுக்கப்பட்டது ஆர்க்கிமிடீசின் சுருள். கணிதத்தின் சுருளும் உளியின் சுருளும் வேறானவை என்பதற்கு அக்கல்லறை இன்றளவும் சான்று.

சமூக வலைத்தளங்களில் அடிக்கடி உலவும் ஒரு கூற்றையும் இங்கே திருத்திக்கொள்ளலாம். நாட்டிலசு என்னும் கடலுயிரியின் ஓடு பொன் விகிதத்தில் அமைந்தது என்பர். பொன் விகிதத்தின்படி அமையும் சுருள் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 6.85 மடங்கு விரிய வேண்டும். நாட்டிலசின் ஓடு ஒரு சுற்றுக்கு மூன்று மடங்கு அளவிலேயே விரிகிறது. மடக்கைச் சுருள் யாவும் பொன் விகிதச் சுருளாகா.

தமிழகக் கடற்கரையின் சங்கு இன்னொரு பாடத்தையும் தருகிறது. மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் சங்குகளுள் மிகப் பெரும்பான்மையானவற்றை நாம் இடம்புரி என்கிறோம். மிக அரிதாகக் கிடைப்பது வலம்புரி. விலங்கியலாரோ பெரும்பான்மையானதை வலச்சுழி என்றும், அரியதை இடச்சுழி என்றும் பெயரிடுவர். யாரும் தவறவில்லை. விலங்கியலார் ஓட்டின் கூர்ந்த உச்சியை மேலாக வைத்து, வாய் தம்மை நோக்கியிருக்க, அது எப்பக்கம் திறக்கிறது என்று பார்ப்பர். வழிபாட்டு மரபு உச்சியைக் கீழாகவும் நீண்ட முனையை மேலாகவும் வைத்துப் பார்க்கும். சங்கின் சுழற்சி மாறுவதில்லை. அதனைப் பிடிக்கும் கை மாற, பெயர் மாறுகிறது. ஒரு வடிவத்தை விளக்குமுன், எந்த மரபின் கை அதனைப் பிடித்திருக்கிறது என்று கேட்பது ஆய்வாளரின் முதற்கடமை.

சொற்களின் சுருள்

தமிழில் இவ்வடிவம் குறித்த சொற்களைத் தொகுத்தால் இரு குடும்பங்கள் தெரிகின்றன. சுரி, சுருள், சுருங்கு, சுருட்டு ஆகியவை ஒன்று. உள்நோக்கி மடங்கிக் குறைதல் இவற்றின் அடிப்பொருள். சுழி, சுழல், சுழற்சி ஆகியவை மற்றொன்று. ஒரு மையத்தைச் சுற்றி இயங்குதல் இவற்றின் அடிப்பொருள். முதற்குடும்பம் நின்றுவிட்ட பொருளின் உருவத்தைச் சொல்கிறது. இரண்டாவது, நீரின் இயக்கத்தைப் போன்ற இயக்கத்தைச் சொல்கிறது. கன்னடத்திலும் இவை இரண்டும் உள்ளன: சுருளி, சுளி. பழங்கன்னடத்தில் இருந்த ழகரம் பிற்காலத்தில் ளகரமாகியது; அதனால் தமிழின் 'சுழி'க்கு நேராகப் பெங்களூரில் 'சுளி' ஒலிக்கிறது.

'சுரி' என்னும் அடியிலிருந்தே சங்கைக் குறிக்கும் 'சுரிமுகம்' என்ற சொல்லும், சுருண்ட கூந்தலைக் குறிக்கும் 'சுரியல்' என்ற சொல்லும் பிறந்தன. உரோமானியக் கட்டடக்கலை நூலாசிரியர் விட்ருவியசு அயோனியத் தூணைப் பெண்ணுருவோடு ஒப்பிட்டு, அதன் தலையிலுள்ள இரு சுருள்களையும் நெற்றியின் இருபுறமும் தொங்கும் கூந்தற் சுருள்கள் என்று விளக்கினார். கிரேக்கத்தில் 'ஹெலிக்சு' என்ற சொல் முறுக்கையும் குறிக்கும், கொடியின் பற்றுக்கம்பியையும் குறிக்கும். தென்னகச் சிற்பிகளோ தூண்தலை உறுப்பான போதிகையில் வரும் உருளைகளின் வரிசைக்குத் தரங்கம் என்று பெயரிட்டனர். தரங்கம் என்பது அலையைக் குறிக்கும் வடசொல். ஒரு மரபு கூந்தலைக் கண்ட இடத்தில் மற்றொரு மரபு கடலைக் கண்டது. கடன் வாங்கியிருந்தால் உருவத்தோடு அதன் உவமையும் ஓரளவேனும் வந்திருக்கும். இங்கே அதன் தடயம் இல்லை. இது முடிந்த சான்று ஆகாது எனினும், புறக்கணிக்கத்தக்கதும் அன்று.

கல்லில் ஒரு காலக்கணக்கு

போதிகை என்பது தூணின் உச்சியில் இருபுறமும் கை நீட்டி உத்திரத்தைத் தாங்கும் உறுப்பு. கல் உத்திரம் இழுவிசையைத் தாங்குவதில் வலுக்குறைந்தது. நீளம் மிகுந்தால் நடுவில் முறியும். போதிகையின் கைகள் உத்திரத்தின் தாங்கப்படாத நீளத்தைக் குறைக்கின்றன. ஆகவே அது அணியாவதற்கு முன்பே ஒரு தேவை. அதன் முன்னோடி மரக்கட்டடத்தில் இருந்தது என்பதில் ஐயமில்லை. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியன இன்றித் தெய்வங்களுக்கு இல்லம் அமைத்ததை மகேந்திரவர்ம பல்லவர் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமையுடன் பதிவு செய்ததே, அதுவரை அப்பொருள்களால் கோயில்கள் எழுந்தன என்பதைக் காட்டும்.

ழுவோ துப்ருய் கண்டது இதுதான்: அரசரின் பெயர் பொறிக்கப்படாத கோயிலிலும் போதிகை இருக்கும், அதன் வடிவம் காலந்தோறும் சிறுகச் சிறுக மாறும், கல்வெட்டால் காலம் உறுதிப்பட்ட கோயில்களின் போதிகைகளை வரிசையாக வைத்தால், காலம் தெரியாத கோயிலையும் அவ்வரிசையில் பொருத்தலாம். பல்லவர் காலத்தில் கைகளின் அடிப்பகுதி வளைந்து, அவ்வளைவில் தரங்க உருளைகள் ஓடி, நடுவே ஒரு பட்டை அவற்றைக் கட்டியது போல் அமையும். சோழர் காலத்தில் உருளைகள் மறைந்து, கை சாய்வாக வெட்டப்பட்டு, நடுவில் ஒரு முனை முன்னோக்கி நீளும். இதனைத் தொல்லியலாளர் வெட்டுப் போதிகை என்பர். விசயநகரக் காலத்தில் அம்முனை கீழ்நோக்கி இறங்கிப் பூமொட்டாகத் தொங்கும். இம்மாற்றம் ஒரே நாளில் எல்லா ஊரிலும் நிகழ்ந்ததன்று. முற்காலச் சோழர் கோயில்கள் சிலவற்றில் தரங்கம் தொடர்வதும் உண்டு. எனினும் திசை தெளிவானது.

இம்முறை ஒலி மாற்றத்தை ஆராயும் மொழியியல் முறைக்கு மிக அணுக்கமானது. நாள் தெரிந்த கல்வெட்டுகளை வைத்து எழுத்துவடிவ வளர்ச்சியைக் கணிப்பதும் இவ்வாறே. ழுவோ துப்ருய் வெறும் கண்ணளவையோடு நிற்கவில்லை. உயிருள்ள சிற்பிகளிடம் சென்று உறுப்புகளின் பெயர்களைக் கேட்டார். கலைச்சொற்கள் சிற்பியின் வாயிலிருந்து ஆய்வுக்கு வந்தன என்பதை அவருடைய வழிவந்தோர் சில வேளைகளில் மறந்துவிடுகின்றனர்.

அயோனியச் சுருள் பெங்களூருக்கு வந்த வழி

கிரேக்கச் சுருளின் தோற்றத்தைப் பார்ப்போம். கி.மு. 6ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எபேசு நகரின் ஆர்த்தெமிசு கோயில் போன்ற பெருங்கட்டடங்களில் அயோனியத் தூண்தலை முதிர்ந்த வடிவில் காணப்படுகிறது. அதற்கு முன்பே மேற்காசியாவில், தளிர்போல் மேலெழுந்து இருபுறமும் விரியும் சுருள் கொண்ட தூண்தலைகள் இருந்தன. எனவே கிரேக்கச் சுருளும் தனியே முளைத்ததன்று. கொடிச்சுருள் அணிக்கு எகிப்தியத் தாமரையிலிருந்து அராபிய அணிவேலை வரை தொடர்ச்சியான ஒரு வரலாறு உண்டு என்று அலோய் ரீகல் 1893இல் வாதிட்டார்.

இந்தியாவுக்குள் அச்சுருள் உண்மையாகவே நுழைந்த இடங்களும் உள்ளன. 1895இல் வாடெல் பாட்னாவில் அகழ்ந்தெடுத்த பாடலிபுத்திரத் தூண்தலையின் ஓரங்களில் சுருள்கள் உண்டு. தட்சசீலத்தை அடுத்த ஜண்டியால் கோயிலில் அயோனியத் தூண்தலைகளே கிடைத்துள்ளன. அங்கெல்லாம் கிரேக்கத் தொடர்புக்கு நாணயம், எழுத்து, அரசியல் வரலாறு ஆகிய பிற சான்றுகளும் துணை நிற்கின்றன. கடன் என்று சொல்வதற்கு இத்தகைய வழித்தடம் வேண்டும். பல்லவரின் தரங்கத்துக்கு அத்தகைய வழித்தடம் காட்டப்பட்டதில்லை. மேலும், அயோனியச் சுருள் பக்கத்துக்கு ஒன்றாக உள்நோக்கிச் சுழன்று ஒரு கண்ணில் முடிவது. தரங்கமோ சிறு உருளைகளின் தொடர். தூணும் உத்திரமும் கூடுமிடத்தில் தலையை அகலமாக்க வேண்டும் என்ற ஒரே தேவை இரு நாட்டுத் தச்சர்க்கும் இருந்தது. நீட்டிய கையின் முனையை மொட்டையாக விடாமல் வளைத்து முடிக்கும் மனமும் இருவர்க்கும் இருந்தது. ஒப்புமையை விளக்க இதுவே போதும்.

பெங்களூரின் அயோனியச் சுருளோ ஐயமற்ற கடன். 1809இல் பிரித்தானியர் பாளையம் அமைத்தபின் படைவீரராகவும், வணிகராகவும், கொத்தராகவும், கூலியாளாகவும் தமிழர் பெருந்தொகையில் இங்குக் குடியேறினர். மைசூர் ஆணையரின் பதினெட்டுத் துறைகளுக்காக எழுப்பப்பட்ட அட்டாரா கச்சேரி 1868இல் நிறைவுற்றது. 'அட்டாரா' என்பது பதினெட்டு. கட்டடத்தின் நடுவிலும் இரு முனைகளிலும் அயோனியத் தூண்முகப்புகள் அமைந்தன. மேற்பார்த்தவர் பொறியாளர் ரிச்சர்டு சாங்கி. கட்டி முடித்த ஒப்பந்தக்காரர் ராவ் பகதூர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார். பாளையத்துத் தமிழ்ச் சமூகத்தில் பள்ளிகளும் அறநிலையங்களும் நிறுவியவர். அவர் பெயரைத் தாங்கிய கல்வி நிறுவனங்கள் இன்றும் நகரில் நடைபெறுகின்றன.

ஏட்டில் உள்ள அயோனியச் சுருள் வட்டக்கால்பகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கவராயத்தால் இணைத்து வரையப்படுவது. ஒவ்வொரு காற்சுற்றுக்கும் மையம் நகரும், ஆரம் குறையும். கவராயமும் நூலும் தெரிந்த கைக்கு அது புதிதானதன்று. கபோதகத்தின் வளைவையும், கூட்டின் வட்டத்தையும், படிக்கட்டின் பக்கத்தில் யானைத் துதிக்கையாய்ச் சுருண்டு முடியும் பிடிச்சுவரையும், கொடிக்கருக்கையும் அறிந்திருந்த மரபு தென்னகத்தினுடையது. அட்டாரா கச்சேரியில் சாங்கியின் பெயரும் முதலியாரின் பெயரும் நிலைத்தன. தூண்தலைகளில் சுருளை உருவாக்கிய கைகளின் பெயர்கள் நினைவில் நிற்கவில்லை. தோமலூரில் நிலை வேறு. அங்குள்ள 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் கொடையாளர் பெயர்களைப் பேணியுள்ளன. கோயிலுக்கு நிலைக்கால்கள் அளித்த செய்தியும் அவற்றுள் உண்டு. நிலைக்காலைத் தந்தவர் பெயர் நின்றது. செதுக்கியவர் பெயர் பெரும்பாலும் நிற்பதில்லை. பல்லவர் காலத்துக்கும் பாளையத்துக் காலத்துக்கும் இடையே இவ்வொன்றில் பெரிய வேறுபாடு இல்லை.

இழப்பின் இரு வழிகள்

1980களில் அட்டாரா கச்சேரியை இடித்துவிட்டு உயர்நீதிமன்றத்துக்குப் புதுக்கட்டடம் எழுப்ப முனைந்தனர். குடிமக்கள் நீதிமன்றத்தை நாடினர். இடிக்கப்படவிருந்த அதே கட்டடத்திலேயே அவ்வழக்கு விசாரிக்கப்பட்டது. கட்டடம் தப்பியது. எதிரே 1956இல் நிறைவுற்ற விதான சௌதா திராவிடக் கட்டடக்கூறுகளைக் கருங்கல்லில் எழுப்பி, காலனியக் கட்டடத்துக்கு நேர்முகமாக நிற்கிறது. இடையிலுள்ள சாலையைக் கடக்கும் எவரும் இருவேறு மரபுகளின் தூண்தலைகளை ஒரே நோக்கில் காணலாம்.

கோயில்களின் இழப்பு இவ்வாறு ஓசையோடு நிகழ்வதில்லை. திருப்பணியின்போது போதிகைகளின்மேல் அடுக்கடுக்காக வண்ணம் பூசப்படுகிறது. சில இடங்களில் மணல் வீசித் தூய்மை செய்ததால் தரங்கத்தின் விளிம்புகள் மழுங்கின. உடைந்த கை ஒன்றுக்குப் பதிலாகப் புதியது பொருத்தப்படும்போது, சிற்பி தம் காலத்துப் பூமொட்டையே அங்கும் வைத்துவிடுகிறார். கல்வெட்டு அழிந்தால் அழிந்தது என்று தெரியும். போதிகை மாறினால், கோயிலின் வயதைச் சொல்லும் சான்று மாறிவிட்டது என்பதே பலர்க்குத் தெரியாது. நாளை வரும் மாணவர் அந்தப் புதிய கையைப் பார்த்து, பழைய மண்டபத்தைச் சில நூற்றாண்டுகள் இளையதாகக் கணித்துவிடக்கூடும்.

சொற்களும் இவ்வழியே செல்கின்றன. இரும்புப் பட்டறையில் சன்னலுக்குப் பட்டையை வளைப்பவர் அதனைச் சுருள் என்று அழைப்பதற்கும், கோயிலில் வேலை செய்யும் சிற்பி தரங்கம் என்று அழைப்பதற்கும் இடையே ஒரு சொல்லகராதி அளவுக்கான வழக்குகள் உள்ளன. பெங்களூர்த் தமிழில் அவை கன்னடச் சொற்களோடும் உருதுச் சொற்களோடும் கலந்து வழங்குகின்றன. அவற்றைக் களத்தில் கேட்டுத் தொகுக்கும் பணி, தூண்தலைகளை அளவோடு படமெடுக்கும் பணியைப் போலவே அவசரமானது. முதலில் குறிப்பிட வேண்டியது அவ்வடிவத்தை அவ்வூரார் என்னவென்று அழைக்கின்றனர் என்பது. அது எந்நாட்டிலிருந்து வந்தது என்ற கேள்வி அதற்குப் பின்னரே வரட்டும். நீலசந்திராவில் நிலவைத் தேடியவர்க்கு ஏரி கிடைத்தது போல, சுருளில் கிரேக்கத்தைத் தேடியவர்க்கு அலையும் கிடைக்கக்கூடும்.